அக்கா தேடிக்கொண்டே இருந்த சாவி

அக்காவின் நினைவாகப் போடும் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு என் முட்டாள்தனம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பேருக்குப் பந்தியில் யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன். ஊர்க் குழந்தைகள் தூங்கும் கட்டடத்தின் சாவியைக் குலதெய்வத்தின் சாவி என்று நினைத்து, தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, வெறுங்காலோடு போய் பேங்க் லாக்கரில் வைத்துப் பூட்டியவன் நான்தான்.

அக்காவின் தகனம் முடிந்த நாலாம் நாள் வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தோம். சாமி படங்களுக்குப் பின்னால் மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, ஒரு சாவி இருந்தது. மச்சான் வழியில் குலதெய்வத்துக்கு ஒரு மரப்பெட்டி உண்டு. சாமியின் பட்டு, சலங்கை, வெள்ளி வேல் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். மாசி சிவராத்திரிக்கு மட்டும் திறப்பார்கள். நாலு புத்தகம் படித்தவன் என்ற தைரியத்தில், சாவியைப் பார்த்த மாத்திரத்தில் நான் சொன்னேன்: "இது சாமிப் பெட்டிச் சாவி."

பங்காளிகளில் மூத்தவர், மச்சானின் பெரியப்பா மகன், ஊரே பெரியவர் என்று அழைப்பவர், ஆடிப்போனார். "பெட்டிச் சாவி எங்கிட்டல்ல இருக்கு. அப்ப இது என்ன, கள்ளச்சாவியா?"

போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் சிவராத்திரி வரைக்கும் பெட்டியைத் திறக்கக் கூடாது. அதிலும் தீட்டுக் காலத்தில் பெட்டி இருக்கும் வீட்டுப் பக்கமே பங்காளிகள் போகக் கூடாது. சாவியைத் தொடவும் கூடாது. பெண் கொடுத்த வீட்டுக்காரன் என்பதால் எனக்கு மூன்று நாளோடு தீட்டுக் கழிந்திருந்தது. "மாப்ள, நீயே கொண்டுபோயி பத்திரமா வையி" என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தது. திருப்பரங்குன்றத்தில் என் லாக்கரில் வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பங்காளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். அக்காவுக்கு முன்பே போய்ச் சேர்ந்த மச்சான்தான் இரண்டாவது சாவி போட்டு வைத்திருந்தார் என்று ஒரு கட்சி. எப்போதோ காணாமல் போன வெள்ளிச் சலங்கைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று இன்னொரு கட்சி. தெய்வக் குற்றம் ஆகிவிடக் கூடாது என்று பெரியவர் செருப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்.

அதே நாட்களில், பொழுது விடியும் முன்னால், ஒரு பூட்டிய கதவுக்கு முன் சில பெண்கள் குழந்தைகளோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. அந்தக் கதவு வந்த கதையைச் சொன்னால் அக்காவின் வாழ்க்கையைச் சொன்னதாகிவிடும்.

அக்கா பிறந்தது பரவைக்குப் பக்கத்தில். அம்மாவுக்குப் பஞ்சு மில்லில் வேலை. நான் பிறந்த வருஷம் அப்பா தவறிப்போனார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று உறவினர்கள் பெருந்தன்மையோடு சொல்வதுண்டு. அம்மா காலை ஷிப்டுக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கைப்பிள்ளையாகிய என்னை யார் பார்ப்பது? அக்கா அப்போது நாலாம் வகுப்பு. "ஒரு மாசம் மட்டும் வீட்டுல இருக்கட்டும் சார்" என்று அம்மா பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சொன்னாராம். அந்த ஒரு மாசம் முடியவே இல்லை. நான் நடக்கப் பழகியதும், பள்ளிக்கூடம் போனதும், புத்தகம் படித்ததும், படித்ததை வைத்து அடுத்தவர்களைக் கிண்டல் பண்ணப் பழகியதும் எல்லாம் அக்காவின் இடுப்பை விட்டு இறங்கிய பிறகுதான்.

மலருக்கு மாதிரியாக அடித்த அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, அச்சு கோணலாகிவிட்டது என்று இரண்டு பேர் எனக்கு போன் செய்தார்கள். அச்சில் பிழை இல்லை. அக்கா நின்றதே அப்படித்தான். இடது இடுப்பைச் சற்றுத் தூக்கி, அங்கே யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி. கல்யாண போட்டோவில் அப்படித்தான் நிற்கிறார், தேர்தல் சுவரொட்டியிலும் அப்படித்தான். "உன்னையத் தூக்கித் தூக்கி சாஞ்சு போச்சுடா" என்று சொல்லிச் சிரிப்பார். என்னுடைய எழுத்தைவிட நீடித்து நின்ற என் ஒரே தடயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நாகமலைக்கு மேற்கே, மல்லிகைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் அக்கா வாக்கப்பட்டார். மச்சான் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு வழக்கமாக இருக்கும் ஒரு குறை அவருக்கும் இருந்தது. ஊர் சொல்வதைத் தட்ட மாட்டார். ஒரே மகள் பிறந்தாள், என் மருமகள். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு மச்சான் நிற்பதாக எல்லாம் தயாராகியிருந்த வருஷத்தில், அந்த இடம் பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. மச்சான் பேரைச் சுவரில் எழுத வைத்திருந்த பெயிண்டை வீணாக்காமல் அக்காவின் பேரை எழுதினார்கள். "நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார் மச்சான். அக்காவும் போட்டார். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் போட்டதுதான் எல்லோருக்கும் தொந்தரவு. என் பள்ளிக்கூடப் புத்தகங்களை எனக்கு முன்னால் தானே திறந்து படித்துத்தான் அக்கா விட்ட படிப்பைத் தொடர்ந்திருந்தார். படிக்கத் தெரிந்தவருக்கும் படித்துப் பார்க்கிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஊர் எதிர்பார்க்கவில்லை.

அப்போது ஊர் பால்வாடி உரக்கடையின் பின்னறையில் நடந்தது. முன்னால் பூச்சிமருந்து டப்பாக்கள், பின்னால் குழந்தைகள். நடுவில் ஒரு சாக்குப் படுதா. முட்டை வரும், சத்துமாவு வரும், எடை பார்க்கும் மிஷினும் வந்தது. குழந்தைகள் சாப்பிட்டுவிட்டு இருமிக்கொண்டே இருந்தன. ஊருக்கு நடுவில் வேப்பமரமும் ஆழ்குழாய்க் கிணறும் உள்ள ஒரு பொது இடம் சும்மா கிடந்தது. அதில் காதுகுத்து மண்டபம் கட்டுவது என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. நம் பக்கம் காதுகுத்து என்பது என்ன என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காதில் ஓட்டை, கிடாவுக்குக் கழுத்தில் வெட்டு, தாய்மாமனுக்குத் தலையில் பரிவட்டம், ரோடு முழுக்க பிளக்ஸ்.

கிராம சபையில் நானும் இருந்தேன். வேடிக்கை பார்க்கப் போனவன். மச்சான் எழுந்து, "தலைவி சார்பா நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார்.

"தலைவி இங்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அக்கா.

சிரிப்பு எழுந்தது. பிறகு அக்கா சொன்னதைக் கேட்டதும் அடங்கியது. "அந்த எடத்துல பால்வாடி கட்டணும். கவர்மெண்டு காகிதம் வந்துருச்சு. நான் கையெழுத்துப் போடப் போறேன்."

பெரியவர் எழுந்தார். "ஏத்தா, பிள்ளைக உரக்கடையில இருந்தா என்ன, மண்டபத்துல இருந்தா என்ன? அதுக என்ன ஓட்டா போடப் போகுது?"

"போடாதுல்ல. அதான் பெரியாளுக நாம கேக்க வேண்டியிருக்கு."

"காது குத்த எடம் வேணாமா?"

"குத்திக்கங்க. குத்துன காதோட பிள்ளை மறுநா எங்க போகும்னு மட்டும் சொல்லுங்க. அந்த உரக்கடைக்குத்தான?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது சம்மதம் இல்லை என்று அக்காவுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டார். பெரிய பெரிய எழுத்தில், நாலாம் வகுப்புப் பிள்ளை போடுவது மாதிரி.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பத்திரிகை வருவது நின்றது. அடித்து விரட்டவில்லை, திட்டவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்போது அந்த வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். தெருவில் மேளம் போகும். மைக்செட்டில் வந்தவர்கள் பேரெல்லாம் வாசிப்பார்கள். அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். மச்சானும் பேச்சை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால் மகளிடம், "உங்க தலைவியைப் போடச் சொல்லு" என்பார். மகள் வேலைக்குச் சென்னை போன பிறகு, அதே வாக்கியத்தை வீட்டு நாயிடம் சொன்னார். நாய் பக்கத்திலிருந்து எந்த நடவடிக்கையும் இல்லாததால் அக்காவே எழுந்து போடுவார்.

இவ்வளவும் கொடுத்து வாங்கிய கட்டடம் திறந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. அழகான கட்டடம். சுவரில் யானை, கிளி, உயிரெழுத்து. டவுனிலிருந்து டீச்சர் பஸ் பிடித்து வந்து பத்து மணிக்குத் திறப்பார். குழந்தைகள் வரவில்லை. ரெண்டு மூன்று வரும், மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஊர் கோபத்தில் பிள்ளைகளை அனுப்பவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். தினமும் போய் யானைக்கும் கிளிக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

ஒரு நாள் விடியுமுன் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போனவர், வரப்பில் சாக்கு விரித்து ஒரு குழந்தை படுத்திருப்பதைப் பார்த்தார். முந்தின சாயங்காலம் மருந்தடித்த மல்லிகைச் செடிக்குக் கீழே. உள்ளே பெண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூப்பறித்துக்கொண்டிருந்தார்கள். பூ விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். படுத்திருந்த குழந்தையின் தாய் பாண்டியம்மாள். அப்போது சின்ன வயது.

"ஏண்டி, பிள்ளைய பால்வாடியில விடாம இங்கன போட்டு வச்சிருக்கவ? ஊருக்குப் பயமா?" என்று அக்கா கேட்டார்.

"ஊருக்கென்னக்கா பயம்? நீங்க பத்து மணிக்குத் தொறக்குறீக. பத்து மணிக்கு எங்களுக்கு வேலையே முடிஞ்சு போகும். அதுக்கப்பறம் பிள்ளைய அங்கன விட்டு நான் என்ன, சினிமாவுக்கா போறேன்?"

இதை என்னிடம் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. இன்னொன்றையும் சொன்னார். தோட்டத்துக்குத் தோட்டம் வரப்பில் இருந்தது கைக்குழந்தைகள் மட்டும் இல்லை. அவற்றைப் பார்த்துக்கொள்ள அக்காக்களும் இருந்தார்கள். எட்டு வயசு, ஒன்பது வயசு. இருட்டில் எழுந்து, தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, பூ வண்டி போகும்வரை காவல் இருந்துவிட்டு, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் தூங்கிவிழும் பெண்பிள்ளைகள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் அவர்களை மறந்துவிடும். அவர்களும் பள்ளிக்கூடத்தை மறந்துவிடுவார்கள்.

மறுநாள் விடியுமுன் அக்கா பால்வாடியைத் திறந்தார். தலைவர் என்ற முறையில் அவரிடம் இரண்டாவது சாவி ஒன்று இருந்தது. பாண்டியம்மாள் தன் மகள் யாழினியைத் தூக்கத்தோடு கொண்டுவந்து பாயில் போட்டுவிட்டுப் போனாள். பிறகு இன்னொருத்தி. பிறகு வரிசையாக. பத்து மணிக்கு டீச்சர் வரும்போது குழந்தைகள் தூங்கி எழுந்து, முகம் கழுவி, முட்டைக்குத் தயாராக இருந்தன. அக்காக்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நல்வாழ்வு ஆகியவற்றுக்கு அரசும் சமூகமும் முன்னுரிமை தர வேண்டும் என்று நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். பொன்னாடை போர்த்துவார்கள், வாங்கிக்கொண்டு வருவேன். முன்னுரிமை என்பதை அக்காவிடம்தான் கண்ணால் பார்த்தேன். அவருக்கு அது கொள்கை இல்லை. காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை. முட்டையும் மாவும் கட்டடமும் தருவதற்குப் பெரிய மனசு வேண்டும், தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தாயின் வேலை எப்போது தொடங்குகிறதோ அப்போது கதவு திறக்காவிட்டால், அந்த முட்டை வரப்பில் படுத்திருக்கும் குழந்தைக்கு எட்டாது. இடுப்பில் அதைச் சுமப்பவளுக்குப் பள்ளிக்கூடமும் எட்டாது. பூக்காரிகளுக்கு விடியற்காலை, செங்கல் சூளைக்காரிகளுக்கு வேறு நேரம், மில்காரிகளுக்கு ஷிப்டுக்கு ஷிப்டு மாறும். இதை யோசிக்க ஆராய்ச்சி தேவையில்லை. கதவு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டிருந்தால் போதும். என் அம்மாவிடம் கேட்டிருந்தாலும் போதும். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டிருக்க மாட்டார், ஒருவேளை என்னைவிட நன்றாக எழுதியிருப்பார். அது பெரிய சாதனை இல்லை என்று நண்பர்கள் சொல்லக்கூடும், இருந்தாலும் சொல்கிறேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மா ஒருவர் இதைக் கேள்விப்பட்டு அக்காவைக் கூப்பிட்டார். "விடிகாலையில திறக்க விதியில இடம் இல்லைம்மா."

"விதியில இல்ல மேடம். கட்டடத்துல இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "நான் வர்றது பதினோரு மணிக்கு. அதுக்கு முன்னாடி நடக்கிறது எதையும் நான் பார்க்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் பத்துப் புதுப் பாய்கள் வந்து இறங்கின. யார் அனுப்பியது என்று அக்கா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பதவிக்காலம் முடிந்து அக்கா மறுபடி நின்றார், தோற்றார். குழந்தைகள் ஓட்டுப் போடாது என்று பெரியவர் சொன்னது சரிதான். பூப்பறிக்கும் பெண்கள் போட்டார்கள்; அவர்கள் போதுமான பேர் இல்லை. புதிதாக வந்த தலைவர் அக்காவுக்கு முறைக்குக் கொழுந்தன். "மதினி, அந்த ரெண்டாவது சாவி?" என்று கேட்டார். "தேடிக்கிட்டு இருக்கேன் தம்பி" என்றார் அக்கா. அடுத்த வாரமும் கேட்டார். தேடிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் தேடினார். கடைசியில் அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. தெருவில் பார்த்தால் "மதினி, சாவி?" என்பார், "தேடுறேன்" என்பார் அக்கா. அந்த ஊரில் அக்காவிடம் யாராவது வலியப் போய்ப் பேசிய சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று. தேடிக்கொண்டிருந்த சாவியை யாரும் தேடாத இடத்தில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நிலைக்கும் உரலுக்கும் குங்குமம் வைக்கிற கை, அதற்கும் வைத்திருக்கிறது. அவ்வளவுதான் அதன் தெய்வீகம்.

மச்சான் கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு மழைக்காலத்தில், இருட்டில் குழந்தையோடு வந்த ஒருத்தி வழுக்கி விழுந்தாள் என்று கேள்விப்பட்டவர், மறுநாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் ஒரு பல்பு கட்டிவிட்டு வந்தார். வந்து நாயிடம், "உங்க தலைவிகிட்டச் சொல்லு, சுவிட்சு உள்பக்கம் இருக்கு" என்றாராம். அதற்கடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். மகள் சென்னைக்குக் கூப்பிட்டாள். நானும் சொன்னேன். "அங்க வந்து காலையில எந்திரிச்சு யாருக்குடா கதவத் தொறக்க?" என்றார். மச்சான் போன பிறகும் அவரால் ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைக்க முடியவில்லை. "கை பழகலடா, எப்பயும் மிஞ்சிப் போகுது" என்பார். தனியாக இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. திருப்பரங்குன்றத்தில் ஒற்றை அறையில் இருக்கும் எனக்கு ஹோட்டல்காரர்கள் அளந்து போடுவதால் அந்தச் சிரமம் இல்லை.

ஒரே ஒரு விடியற்காலை நான் அக்காவோடு அங்கே இருந்தேன். மரத்தில் பல்பு. உள்ளே இருட்டு. பாயில் வரிசையாகக் குழந்தைகள். அக்கா சுவரில் சாய்ந்து, இடுப்பைக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருக்க எனக்குத் தெரியாதே, "கதை ஏதும் சொல்லுவியாக்கா?" என்றேன்.

"தூங்குற பிள்ளைகளுக்கு எதுக்குடா கதை? அது நீ மேடையில பண்றது."

விடாமல், "நீ ஒருத்தியா உக்காந்து என்னதான் பண்ணுவ?" என்றேன்.

"மூச்சுச் சத்தம் கேப்பேன்" என்றார். "வீட்டுலயும் தனியாத்தான் இருக்கேன், இங்கயும் தனியாத்தான் இருக்கேன். இங்க அம்புட்டு மூச்சு கேக்குதுல்ல."

போன வருஷம் அப்படி ஒரு காலையில், கதவைத் திறந்து குழந்தைகளைப் படுக்க வைத்து, பறித்து முடித்து வந்த பெண்களைக் காவலுக்கு வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாவியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, வாசலில் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருமுன் பூ வண்டி வந்துவிட்டது. மூட்டைகளுக்கு நடுவே சாய்த்து, பாண்டியம்மாள் மடியில் தலை வைத்து, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்தபோது சேலையெல்லாம் மல்லிகை மொட்டு ஒட்டியிருந்தது. சில நாள் நன்றாகப் பேசினார். மிஞ்சிய சோற்றை நாய்க்கு வைத்தார்களா என்று கேட்டார். பிறகு பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே வந்திருந்தது. அந்த வாசலை அத்தனை வருஷம் தாண்டிப் போனவர்களும் வந்து சாப்பிட்டார்கள். பந்தலுக்குள் கள்ளச்சாவிப் பஞ்சாயத்து உச்சத்தில் இருந்தது. சலங்கைக் கட்சியும் மச்சான் கட்சியும் எழுந்து நின்றுவிட்டன. நான் சாட்சி சொல்ல வேண்டிய ஆள் என்பதால் மெதுவாக வெளியே நழுவினேன்.

பந்தல் ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தது. இடுப்பில் தம்பி. இடது இடுப்பைத் தூக்கி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து. அட்டைப் படத்தில் நிற்கிற அதே நிலை. பாண்டியம்மாளின் மூத்தவள் யாழினி. அன்று பாயில் முதலில் படுத்த குழந்தை. இப்போது அவளுக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான்.

"ஏம்மா, இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?"

"இருக்கு."

"அப்பறம் போகலையா?"

"சாவி இல்லையே" என்றாள், என்னைவிட விவரமானவர்களிடம் பேசிப் பழகியவள் மாதிரி. "அக்கா சாவி. பால்வாடிச் சாவி. இவனை யாரு பாக்குறது?"

"டீச்சர்கிட்ட ஒண்ணு இருக்குமே?"

"அது ஆபீசுச் சாவி. கேட்டா டீச்சருக்கு வேலை போயிரும்னு அம்மா சொல்லுச்சு. துக்க வீட்டுல சாவி கேக்கக் கூடாதுன்னும் சொல்லுச்சு."

அக்கா ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு மாசம் மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்று யாரோ வாத்தியாரிடம் சொல்லியிருப்பார்கள்.

நான் பந்தலுக்குள் போய், நடுவில் நின்று, மேடையில் பேசிப் பழகிய குரலில் உண்மையைச் சொன்னேன். வாழ்நாளில் என் பேச்சு இரண்டு கட்சியையும் உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை. பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஏ மாப்ள, பால்வாடிச் சாவிக்காடா நான் இத்தனை நாளா செருப்பில்லாம அலைஞ்சேன்?"

கூட்டத்தில் இருந்த புதுத் தலைவர், அக்காவிடம் வருஷக்கணக்கில் சாவி கேட்டவர், மெதுவாகச் சொன்னார்: "மதினி தேடித் தாரேன்னுச்சு. கடைசியில கெடச்சிருச்சு போல." பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாவியைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி அவர் இன்றுவரை கேட்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பூ வண்டியை நிறுத்தாமல் ஓட்டிய டிரைவர் தம்பிக்கும், அன்று மார்க்கெட்டுக்குப் பூ தாமதமானதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத வியாபாரி பாய்க்கும், வார்டில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், எதையும் பார்க்காத அந்த அதிகாரி அம்மாவுக்கும், அவரைப் போலவே எதையும் பார்க்காத டீச்சருக்கும், கடைசி நாளில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், அலுவலக வேலைக்கு நடுவில் இந்த மலரைத் தொகுத்த என் மருமகளுக்கும் குடும்பத்தின் சார்பில் கை கூப்புகிறேன். இப்போது பூப்பறிக்கும் பெண்களே முறை வைத்துக் கதவைத் திறக்கிறார்கள். முறைக்காரிக்கு அன்று கூலி போகாமல் இருக்க, மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு கைப் பூவை அவள் கூடையில் போடுகிறார்கள். யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பெண்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. காரணம் இது.

காரியம் முடிந்த மறுநாள் லாக்கரிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் வந்து தங்கினேன். இனிமேல் தினமும் நானே வந்து திறப்பது என்று மனசுக்குள் ஒரு தீர்மானம். விடியுமுன் எழுந்து, கதவைத் திறந்து, மரத்து பல்பைப் போட்டேன். பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அக்கா சாய்ந்த அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்ன மூச்சுச் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க முயன்றேன். கண்ணில் நீர் வந்தது. அக்காவின் இடத்தை நிரப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். வெளிச்சம் வந்திருந்தது. குழந்தைகள் எல்லாம் எழுந்து, வட்டமாக உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு அழுதுகொண்டிருந்தன. பாண்டியம்மாள் மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, பூக்காடு வரைக்கும் குறட்டைச் சத்தம் கேக்குது, ஒரு பிள்ளை தூங்கல. வீட்டுல உங்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லையா? நாளைக்கு நீங்க வர வேணாம். சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க."